இரக்கம் வேண்டா; இடம் வேண்டும்

பக்கவாதம் முதியோர்க்கே வரும் நோய் என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. கருவில் இருக்கும் சிசுவையும், தொட்டிலில் கிடக்கும் மழலையையும், பள்ளிக்குச் செல்லும் சிறுவரையும் அது தாக்கும் என்றால் பலர் நம்புவதில்லை. நம்பாததோடு நின்றாலும் தாழ்வில்லை. அத்தகைய பிள்ளையைப் பெற்றவள்மீது பழியையும் ஏற்றுகின்றனர். ‘கிரகண வேளையில் வெளியே போயிருப்பாள்’ என்பார் ஒருவர். ‘முன்வினைப் பயன்’ என்பார் மற்றொருவர். ‘செய்வினையாக இருக்கும்’ என்று பரிகாரத்துக்கு வழி சொல்வார் மூன்றாமவர். மலாக்கா மாநிலத்தின் தோட்டங்களிலும், அத்தோட்டங்களை விட்டு நம் மக்கள் குடியேறிய பட்டணங்களிலும் இப்பேச்சு இன்னும் ஓயவில்லை. நோயுற்ற பிள்ளையைச் சுமக்கும் குடும்பம் இந்தப் பழியையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமா?

மருத்துவம் கூறுவது வேறு. மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும் மூளையின் அப்பகுதி பழுதுறும். மூளையின் இடப்பாதி உடலின் வலப்பாதியை இயக்குவது, ஆகவே இடப்பாதி பழுதுற்றால் வலக்கையும் வலக்காலும் தளரும், பின்னர் விறைக்கும். பிறவி இருதயக் கோளாறு, குருதி உறைவதில் உள்ள குறை, கழுத்துக் குருதிக்குழாயில் ஏற்படும் காயம் எனக் காரணங்கள் பல. சின்னம்மை கண்டு தேறிய சில மாதங்களுக்குள் சில பிள்ளைகளுக்கு இது வருவதுண்டு. காரணமே புலப்படாத நிலையும் உண்டு. கிரகணத்துக்கும் செய்வினைக்கும் இப்பட்டியலில் இடமில்லை.

அறியாமை பழிச்சொல்லோடு முடிவதில்லை; காலத்தையும் விழுங்குகிறது. ஓராண்டு நிறையாத குழந்தை ஒரு கையையே நீட்டி, மறுகையை மூடியே வைத்திருந்தால், ‘பிள்ளை இடக்கைக்காரன்’ என்று வீட்டார் மகிழ்கின்றனர். அவ்வயதில் கைப்பழக்கம் தோன்றுவது இயல்பன்று. மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டிய அறிகுறி அது. இதனை நம் தாய்மார்க்கு எடுத்துரைத்தவர் யார்?

இந்நோய்க்குரிய மருத்துவம் ஒரு நாளில் முடிவதன்று. தளர்ந்த கையைப் பயன்படுத்தப் பழக்க வேண்டும். அதற்காக நல்ல கைக்கு நாள்தோறும் சிறிது நேரம் உறையிட்டு வைக்கும் முறையும் உண்டு. இரு கைகளாலும் பொத்தானிடவும் பந்து பிடிக்கவும் பயிற்ற வேண்டும். காலுக்குத் தாங்குபட்டை வேண்டும். பிள்ளை வளர வளர அதனை மாற்ற வேண்டும். சிலருக்கு வலிப்பும் வரும். அதற்குத் தவறாது மருந்து கொடுக்க வேண்டும். மருத்துவமனையில் கற்பிப்பது சில மணி நேரம். வீட்டில் செய்வது பல ஆண்டுகள். ஆகவே குடும்பம் தளர்ந்தால் மருத்துவமும் தளரும்.

தெபோங்கிலிருந்தோ புக்கிட் அசகானிலிருந்தோ மலாக்கா நகரின் பொது மருத்துவமனைக்குப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. நாளடைவில் தாய் வேலையை விடுகிறாள், வருவாய் குறைகிறது, மற்றப் பிள்ளைகளைக் கவனிக்க நேரமில்லை. குறையுடையதாயினும், அன்றைய தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. அண்டை லயத்தார் துணை இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தபின் அத்துணையும் போயிற்று.

அந்த இடத்தை நம் இயக்கங்கள் நிரப்பினவா? தீபாவளிக்கு ஓர் அரிசி மூட்டை, அதனை நீட்டும்போது ஒரு புகைப்படம்! கொடுப்பவர் முகம் மலர்ந்திருக்கிறது. வாங்கும் தாயின் தலை குனிந்திருக்கிறது. இதற்குத் தொண்டு என்று பெயர். மருத்துவமனைக்கு மாதம் ஒரு முறை வண்டி விடுவதும், தாய் சற்று ஓய்வெடுக்கப் பிள்ளையை அரை நாள் பார்த்துக்கொள்வதும், சமூக நல இலாகாவில் உடற்பேறு குறைந்தோர் அட்டைக்குப் பதிந்து தருவதும் புகைப்படத்துக்கு ஏற்றவை அல்லவே! 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் சமூக மறுவாழ்வுத் திட்டம் தொடங்கியது. பயிற்சியைப் பிள்ளையின் ஊருக்கே கொண்டுவருவது அதன் கொள்கை. இன்று அத்தகைய நிலையங்கள் நாடெங்கும் உள்ளன. அவற்றின் வாசலுக்கு நம் குடும்பங்களை அழைத்துச் செல்லவும் ஆள் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, இனி உங்களிடம் வருகிறேன். கை விளங்காத பிள்ளையைக் கண்டதும், அறிவும் விளங்காது என்று முடிவு கட்டுவது கொடுமை. ஒருபக்க வாதமுற்ற பிள்ளைகளுள் வயதுக்கேற்ற அறிவுடையோர் பலர். ‘சிறப்புப் பள்ளிக்கு அனுப்புங்கள்’ என்று வாசலிலேயே சொல்லிவிட்டால், அப்பிள்ளை வகுப்பை மட்டுமா இழக்கிறது? அண்ணனும் தங்கையும் தமிழ் படிக்கும் வீட்டில் அது மட்டும் தமிழெழுத்து அறியாமல் வளர்கிறது.

முப்பது பிள்ளைகளுக்கிடையே இவனை எப்படிக் கவனிப்பது என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. மாடிப்படி ஏறாத கீழ்த்தள வகுப்பு, நல்ல கைக்கு வசதியான இருக்கை, எழுதி முடிக்கச் சற்று மிகுதியான நேரம், பையைத் தூக்க ஒரு தோழன், திடலில் ஒதுக்காத ஒரு பங்கு, இவையே முதல் தேவைகள். இவற்றுள் பெரும்பொருள் செலவாவது எது? கற்றலிலும் இடர்ப்படும் பிள்ளைகள் சிலர் இருப்பர். அவர்களுக்குச் சிறப்பு வகுப்பு வேண்டும். அவ்வகுப்பு உள்ள தமிழ்ப்பள்ளிகள் சிலவே. எனவே அதனைத் தமிழ்ப்பள்ளியிலேயே அமைக்கும்படி பெற்றோர் ஆசிரியர் சங்கம் விண்ணப்பம் எழுத வேண்டும்.

சட்டமும் நம் பக்கமே நிற்கிறது. உடற்குறையைக் காட்டி எவரையும் பொதுக் கல்வியிலிருந்து விலக்கலாகாது என்கிறது 2008ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம். சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பலாகாது என்னும் கொள்கையைக் கல்வி அமைச்சு 2019இல் நடைமுறைப்படுத்தியது.

பட்டணத்துப் பள்ளிக்குப் போக இயலாத கூலிப் பிள்ளைக்காகத் தோட்டத்திலேயே எழுந்தது தமிழ்ப்பள்ளி. எவரும் சேர்க்காத பிள்ளையைச் சேர்த்துக்கொண்டதே அதன் பெருமை. மாணவர் குறைகின்றனர் என்று மேடைதோறும் புலம்பும் நாம், வாசலில் நிற்கும் பிள்ளையைத் திருப்பி அனுப்பலாமா? வரும் ஆண்டின் மாணவர் பதிவுக்கு முன், அத்தகைய பிள்ளையுள்ள வீடு தம் வட்டாரத்தில் எது என்று ஒவ்வொரு பள்ளியும் தேடிச் செல்லட்டும். ஜாசினிலும் அலோர் காஜாவிலும் அந்தக் கதவுகளைத் தட்டும் முதற்கை ஆசிரியர் கையாக இருக்கட்டும்.