யூ இல்லாத கியூ



பிறர் பிழையைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டவன் தன் பிழையையும் ஒருமுறை எழுதுவது நல்லது. அதனால் இம்மாதம் இதனை எழுதுகிறேன்.

திருவண்ணாமலையில் எங்கள் மத்ரஸா மாணவர்களுக்கு அன்பர் ஒருவர் 'ஸ்கிராபிள்' என்னும் ஆங்கிலச் சொல் விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கித் தந்தார். எழுத்துப் பொறித்த சில்லுகளைக் கட்டங்களில் அடுக்கிச் சொற்களை ஆக்க வேண்டும். 1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்த ஆல்பிரட் பட்ஸ் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வகுத்த விளையாட்டு இது. நாளேட்டில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே அவர் புள்ளிகளை அமைத்தார். மொத்தம் 100 சில்லுகள். அவற்றுள் கியூ ஒன்றே ஒன்று. அதன் மதிப்பு 10. ஆட்டம் முடியும்போது அது கையில் தங்கிவிட்டால் அந்தப் பத்தும் கழிக்கப்படும்.

ஒரு விடுமுறை நாள் மாலையில் மாணவர் நால்வர் விளையாடினர். பட்டம் பெற்றவன் என்பதால் நான் நடுவர். அதிகம் பேசாத, பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் கியூ, ஏ, டி, ஐ என நான்கு சில்லுகளை வைத்தான். "ஹஜ்ரத், நம்ம காஜிதான்" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் புன்னகைத்து, "ஆங்கிலத்தில் கியூவுக்குப் பின் யூ வந்தே தீரும், எடுத்துவிடு" என்றேன். அவன் மறுபேச்சின்றி எடுத்தான். அந்தக் கியூவைக் கையிலேயே வைத்திருந்து கடைசி இடத்திற்குப் போனான்.

இரவு மனம் உறுத்தியது. அகராதியைப் புரட்டினேன். அச்சொல் இருந்தது! இஸ்லாமிய நீதிபதி என்று பொருளும் இருந்தது.

மேலும் தேடினேன். தலைவர் என்னும் பொருளுடைய 'காயித்', யமன் நாட்டார் மெல்லும் 'காத்' என்னும் இலை, நிலத்தடி நீர்க்கால்வாயாகிய 'கனாத்', 'நிகாப்', 'புர்கா' ஆகிய அனைத்திலும் கியூவை அடுத்து ஏ வருகிறது, யூ இல்லை. கிப்லா, பகீர், தலாக், வக்பு ஆகியவற்றையும் யூ இன்றியே எழுதுகின்றனர். சீனத்திலிருந்து வந்த, உயிராற்றலைக் குறிக்கும் கியூ-ஐ என்ற ஈரெழுத்துச் சொல்லும் உண்டு. ஆயினும் யூ இல்லாத கியூச் சொற்களுள் பெரும்பகுதி அரபு வழி வந்தவையே.

இதன் காரணம் சுவையானது. கியூவும் அரபியின் ق என்ற எழுத்தும் பினீசிய எழுத்தொன்றின் வழித்தோன்றல்கள். அது கிரேக்கர், ரோமானியர் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. பழைய ஆங்கிலத்தில் 'குவீன்' என்ற சொல்லைச் சி எழுத்தில் தொடங்கியே எழுதினர். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின், பிரெஞ்சு வழக்கில் பயின்ற எழுத்தர்கள் கியூ, யூ என்ற இணையைப் பரப்பினர். நான் விதி என நம்பியது அவர்களுடைய வழக்கமே.

நம் நாட்டுச் சட்டங்களிலும் இந்த எழுத்தின் பயணத்தைக் காணலாம். 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டத்தின் ஆங்கிலப் பெயர் 'கே'யில் தொடங்குகிறது. 1995ஆம் ஆண்டின் வக்பு சட்டத்திலும் முதலில் 'கே' இருந்தது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைக் கியூ ஆக்கியது. கண்ணியமிகு காயிதே மில்லத் அவர்களின் பெயர் தாங்கிய சென்னை அரசு மகளிர் கல்லூரியின் ஆங்கிலப் பெயரிலோ கியூவுக்குப் பின் யூ இன்றும் நிற்கிறது.

ஓர் எழுத்துக்காக இத்தனை பேச்சா என்று எண்ண வேண்டாம். அடிநாவில் பிறக்கும் ق கொண்டு சொன்னால் 'கல்பு' இதயம். ك கொண்டு சொன்னால் நாய். தமிழில் இரண்டையும் ஒரே 'க'வால் எழுதுகிறோம். இந்த வேறுபாட்டை நாள்தோறும் கற்றுக்கொடுக்கும் நானே, அதே எழுத்து ஆங்கில உடையில் வந்தபோது அடையாளம் காணவில்லை.

மறுநாள் வகுப்பில் அனைவர் முன்னிலையிலும், "நேற்று நான் சொன்னது தவறு, அவன் வைத்ததே சரி" என்றேன். பின்பு அவனைத் தனியே அழைத்து, "உனக்கு உறுதியாகத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியும் ஹஜ்ரத். ஸ்கூல் டிக்ஷனரியில பாத்திருக்கேன். நீங்க இல்லேன்னு சொன்னீங்க, அதான் பேசல" என்றான்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஆசிரியரிடம் அதபு வேண்டும் என்று கற்பித்தேன். அறிந்த உண்மையைப் பணிவுடன் எடுத்துரைப்பதும் அதபுதான் என்பதைக் கற்பிக்கத் தவறினேன். மாபெரும் இமாமாகிய மாலிக் (ரஹ்) அவர்கள், பல கேள்விகளுக்குத் "தெரியாது" என்றே விடையளித்தார்கள் என்று அறிகிறோம். நமக்கோ அச்சொல் நாவில் எளிதில் எழுவதில்லை.

பெற்றோர்களே! பிள்ளைகள் சொல் விளையாட்டு ஆடும்போது அருகில் ஓர் அகராதி இருக்கட்டும். எந்த அகராதி என்பதை ஆட்டம் தொடங்குமுன் முடிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளை புதிய சொல்லொன்றை வைத்தால், சிரிக்குமுன் அகராதியைத் திறந்து பாருங்கள். மத்ரஸாவில் கற்றது பள்ளிக்கு உதவாது என்ற தாழ்வு மனப்பான்மை, இத்தகைய சிறு சிரிப்புகளிலிருந்தே முளைக்கிறது.

இப்போது எங்கள் மத்ரஸாவில் அம்மாணவனே நடுவர். ஐயம் எழுந்தால் அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அகராதியைத் திறக்கிறான்.

வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் பயன்தரும் கல்வியையும், பிழையை ஒப்புக்கொள்ளும் உள்ளத்தையும் அருள்வானாக! ஆமீன்.