கேட்டறியும் அன்பு

திருவெள்ளறையில் பல்லவன் தந்திவர்மன் காலத்துப் பெருங்கிணறு ஒன்று உண்டு. எத்திசையினின்று வருவோரும் இறங்கி நீர் முகக்க நாற்புறமும் படிகள் அமைந்துள்ளன. நடக்க இயலாதவர்க்கோ நாமே நீர் கொணர்ந்து தருகிறோம். அத்துடன் கடமை முடிந்ததென எண்ணுகிறோம். கை கால் இயங்காதவர்க்கும் பேச்சு எழாதவர்க்கும் உண்டியும் உடையும் மட்டும் போதுமோ? எதை உண்பது, எங்கே அமர்வது என்பவற்றைத் தாமே தேர்வதன்றோ வாழ்வின் இன்பம்! நாவால் உரைக்க இயலாதார் கண்ணசைவாலும் படப்பலகையாலும் உரைப்பர்.

தம் விருப்பப்படி வாழ வழி பெற்றோர் பிறர்க்கும் உதவுவர். 1975-இல் கழுத்துக்குக் கீழ்ச் செயலிழந்த இராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவித் தம்மைப் போன்றோர்க்குத் துணையானார். எல்லாரும் அத்தகு அருஞ்செயல் புரிய வேண்டுவதில்லை. விரும்பியதை உணர்த்திப் பெறுதலே பெருவாழ்வு. மாணவர்களே, இரங்குதல் எளிது, "உமக்கு யாது வேண்டும்?" என வினவி, விடை வரும்வரை காத்திருத்தலே அரிது. அதனைப் பழகுவோமாக.