இரண்டு லயன்கள்

மலையகத்தில் இரண்டு லயன்கள் உண்டு. ஒன்று, சிங்க முத்திரையுடன் போத்தலில் வருவது. மற்றது, வரிசை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தோட்டத் தொழிலாளரின் நாவு தன் வசதிக்குத் திருத்திக்கொண்டதால் பிறந்தது; பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் குடியிருப்பு. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் எழுத்தில் வேறுபாடு கிடையாது. நான் இரண்டாவது லயனில் பிறந்து, வெகுகாலம் கழித்து முதலாவது லயனை அறிந்தவன். இந்தப் பதிவு இரண்டையும் பற்றியது.

ஏப்ரல் வசந்த காலக் கொண்டாட்டத்தின்போது நுவரெலியாவுக்கு ரொறன்ரோவிலிருந்து என் பழைய பத்திரிகை நண்பர் வந்திருந்தார். நண்பரோடு அவருடைய மைத்துனரும் இன்னொரு குடும்ப நண்பரும். கனடாவில் இப்போது சிறு ஆலைகளில் காய்ச்சும் கைவினைப் பியர்களைச் சுவைத்து மதிப்பிடுவது இவர்களுக்குப் பொழுதுபோக்கு. பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே மூன்று போத்தல்களைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள். அவற்றோடு உள்ளூர் லாகர் ஒன்றும் லயன் ஸ்டவுட் ஒன்றும் சேர்த்து, ஹோட்டல் விறாந்தையில் ஐந்து கிண்ணங்கள் வரிசையாக வைக்கப்பட்டன. ஆளுக்கொரு மதிப்பெண் தாளும் கிடைத்தது.

அந்தத் தாள் சுவாரஸ்யமானது. 1985இல் அமெரிக்காவில் தொடங்கிய பியர் நடுவர் சான்றிதழ் அமைப்பு வகுத்த முறை அது. மொத்தம் 50 புள்ளிகள். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் நிற்கும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்த மனப்பதிவுக்கு 10. தேயிலை சுவைப்பவர்போல் இவர்கள் துப்புவதில்லை. கசப்பு அடிநாக்கில் தெரியவேண்டும் என்பதற்காக ஒரு மிடறாவது விழுங்குகிறார்கள்.

நான் ஒன்றும் ஒதுங்கி உட்கார்ந்திருக்கவில்லை. ரசித்தே சுவைத்தேன். முதல் கிண்ணம், ஹொப் பூக்களை அள்ளிக் கொட்டிய இந்திய வெளிறிய ஏல். நாரத்தை இலையைக் கசக்கி முகர்ந்ததுபோல் ஒரு மணம். பிறகு பாகற்காயை வெல்லும் கசப்பு. இரண்டாவது, கொத்தமல்லி விதையும் தோடம்பழத் தோலும் சேர்த்துக் காய்ச்சிய பெல்ஜியப் பாணிக் கோதுமைப் பியர். மற்றவர்கள் அதற்குப் பெரிய பெரிய சொற்களைத் தேடினார்கள். எனக்கோ காய்ச்சல் நாட்களில் அம்மா அவித்துக் கொடுக்கும் மல்லித் தண்ணீர் நினைவுக்கு வந்தது. மூன்றாவது போர்ட்டர், மெல்லிய கருகல். நான்காவது நம் லாகர். குறை சொல்லவும் ஒன்றுமில்லை, நினைவில் வைக்கவும் ஒன்றுமில்லை. ஐந்தாவது ஸ்டவுட். கித்துள் பாணியும் பேரீச்சம்பழமும் வறுத்த கோப்பியும் ஒன்றாகச் சேர்ந்த இனிய கறுப்பு. நால்வர் தாளிலும் அதற்கே முதலிடம்.

இதுவரை எல்லாம் நலமே. அப்போதுதான் மைத்துனர், கிண்ணத்தை விளக்கொளியில் பிடித்தபடி சொன்னார்: “இப்படி ஒரு சாமான் பிறந்த ஊர் அண்ணன் இது. ஆனால் இந்தத் தோட்டத்துச் சனத்துக்கு இதின்ரை அருமை தெரியுமோ? அவங்களுக்குக் கசிப்புப் போதும். ருசி அறியாத சனம்.”

என் பிறப்பிடம் அவருக்குத் தெரியாது. விருந்தாளி என்பதால் அன்றிரவு நான் வாயைத் திறக்கவில்லை. முப்பது ஆண்டு பத்திரிகைத் தொழிலில் பேசவேண்டிய இடத்தில் மௌனமாக இருந்த சந்தர்ப்பங்கள் சில உண்டு. அவற்றில் இதையும் சேர்த்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. ஆகவே இங்கே பதில் சொல்கிறேன்.

முதலில் “பிறந்த ஊர்” என்ற பெருமை. பிற்காலத்தில் ஆபிரிக்காவில் ஏரி தேடிப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர் 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை அமைத்தார். இந்த மலையின் பியர் கதை அவரிலிருந்துதான் சொல்லப்படுகிறது. சிலோன் பிரூவரியோ 1881ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. குளிரூட்டும் இயந்திரம் பரவாத காலத்தில் பியர் காய்ச்சுவதற்குக் குளிர்ந்த மலை வேண்டும். அதனாலேயே வட இந்தியாவில் கசௌலியிலும், இங்கே நுவரெலியாவிலும் ஆலைகள் எழுந்தன. குடித்தவர்கள் துரைமாரும் சிப்பாய்களும். அதே பாதையில் மன்னாரிலிருந்து மாத்தளை வழியாக நடந்துவந்த கோப்பித் தோட்டக் கூலிகளுக்காக யாரும் பியர் காய்ச்சவில்லை.

அந்த ஆலையும் இப்போது மலையில் இல்லை. 1990களின் பிற்பகுதியில் உற்பத்தி கொழும்புக்கு அருகே பியகமவுக்கு இறங்கிவிட்டது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது வெள்ளம் புகுந்து முடங்கியது அந்தப் பியகம ஆலைதான். மலைக்காற்றைச் சுவைத்ததாக எண்ணி நாம் கொடுத்த புள்ளிகள் ஆற்றங்கரைச் சமவெளிக்குச் சேரவேண்டியவை. ருசி அறிந்தவர்கள் நால்வருக்கும் அந்த வேறுபாடு தெரியவில்லை!

நிற்க. இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன்.

லயன் ஸ்டவுட்டை உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் மைக்கல் ஜாக்சன். பாடகர் அல்லர், 2007இல் மறைந்த ஆங்கிலேயப் பியர் எழுத்தாளர். 1977இல் வெளிவந்த அவருடைய நூல்தான் உலகின் பியர்களைப் பாணி பாணியாகப் பிரித்துப் பேசக் கற்றுக்கொடுத்தது. அவர் இலங்கைக்கு வந்து இந்த ஸ்டவுட்டைக் குடித்துப் பாராட்டி எழுதினார். நடுவர் அமைப்பின் 2015ஆம் ஆண்டுக் கையேடு இதை “வெப்பமண்டல ஸ்டவுட்” என்ற பாணிக்கு எடுத்துக்காட்டாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்தப் பாணியின் இலக்கணம் என்ன? இனிப்பு, பழச்சுவை, கூடவே வலிமை. ஐரோப்பியர் ஏற்றுமதி செய்த கடும் ஸ்டவுட்டை வெப்ப நாடுகளின் ஆலைகள் தத்தம் வசதிக்கும் உள்ளூர்க் குடிகாரரின் விருப்பத்துக்கும் ஏற்ப மாற்றியதால் உருவானது அது. நம் கடைகளில் விற்கும் ஸ்டவுட்டின் மதுசாரம் 8 சதவீதத்தைத் தாண்டும்.

இப்போது கவனியுங்கள். கனடாக்காரர் தாளில் அந்த வலிமைக்கு “இதமான சூடு” என்று பெயர். அதற்குப் புள்ளி உண்டு. ஹற்றன் பஸ் நிலையத்துக்கு அருகே சம்பள நாள் மாலையில் ஒருவர் அதே அளவு வலிமையுள்ள பியரைத் தேர்ந்தெடுத்து வாங்கினால், அதற்குப் பெயர் “வெறிக்குக் குடிப்பது”. ஒரே மதுசாரம், ஒரே சதவீதம். விறாந்தையில் அது ரசனை, தவறணையில் அது காட்டுமிராண்டித்தனம். இந்தக் கணக்கு எந்த மதிப்பெண் முறையில் சேர்ந்தது?

உண்மையான கணக்கைப் பார்ப்போம். நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இல்தான் வர்த்தமானியில் கண்டார்கள். 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபாய் என்றாயிற்று. அதுவும் கொழுந்து நிறை வந்து முழுப்பேர் விழுந்தால்தான், குறைந்தால் அரைப்பேர். அந்தச் சம்பளத்தில் இரண்டு முழு நாள் உழைத்தாலும் ஒரு முழுப்போத்தல் சாராயம் வாங்கக் காணாது. மதுவரி ஏறும் ஒவ்வொரு முறையும் சட்டபூர்வமான போத்தல் லயத்திலிருந்து இன்னும் ஓர் அடி விலகுகிறது. ஆற்றோரத்துக் கசிப்பு ஓர் அடி நெருங்குகிறது. சில்லறையை எண்ணிக் குடிப்பவன் மணத்துக்கு 12 புள்ளி போட்டுக்கொண்டிருக்க மாட்டான். சில்லறைக்கு எவ்வளவு மதுசாரம் என்றுதான் பார்ப்பான். இந்தக் கணக்கில் அவன் தவறுவதும் இல்லை. இதை நாவின் குறை என்பது பசித்தவனைப் பார்த்து அவனுக்குச் சாப்பாட்டு மேசை நாகரிகம் தெரியவில்லை என்பதற்கு ஒப்பானது.

ருசி அறியாத சனமா? என் தாயார் முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். மாலையில் தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்று வீசினால், வாட்டுத் தட்டில் கிடக்கும் இலை பக்குவமாகிவிட்டதா, அளவுக்கு மிஞ்சி வாடிவிட்டதா என்று வாசலில் நின்றே சொல்வார். ஜனவரி முதல் மார்ச் வரை வரட்சியும் இரவுக்குளிரும் சேர்ந்து வரும் பருவத்தில் இந்த மேற்குச் சரிவுகளின் தேயிலைக்கு ஒரு தனி மணம் ஏறும். கொழும்பு ஏலத்தில் விலையும் ஏறும். அந்தப் பருவம் தொடங்கிவிட்டதை ஏலத் தரகருக்கு முன்பே அவர் விரல்நுனி அறியும். ஆனால் வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் வரிசையாக நின்ற சுவையறைக்குள் அவர் ஒருநாளும் நுழைந்ததில்லை. எங்கள் வீட்டுக்கு மாதாமாதம் வந்தது, ஏற்றுமதிப் பெட்டியில் இடம் கிடைக்காத தூள். அதில் ஊற்றிய சாயத்தண்ணியை உள்ளங்கையில் கொட்டிய சீனியை நக்கிக்கொண்டே குடித்தோம். அந்தத் தூளின் குறை என்ன என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

இப்படி எழுதுவதால் நான் குடிக்குக் கொடி பிடிப்பதாக யாரும் எண்ணவேண்டாம். லயத்துக் குடி என்ன செய்யும் என்பதை நான் புள்ளிவிபரத்தில் படித்து அறிந்தவன் அல்லன். சம்பள நாள் இரவுகளில் சுவருக்கு அப்பாலிருந்து கேட்ட சத்தங்களோடு வளர்ந்தவன். அடியும் கடனும் பெண்களின் தலையில்தான் விழுந்தன, இன்றும் அப்படியே. ஆனால் மேடையேறி “குடியே மலையகத்தின் சாபம்” என்று முழங்கும் நம் பெரியவர்களிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்த மைத்துனருக்கும் உங்களுக்கும் என்ன வேறுபாடு? அவர் இந்த மக்களை ருசி தெரியாதவர்கள் என்கிறார். நீங்கள் புத்தி தெரியாதவர்கள் என்கிறீர்கள். இருவருமே சம்பளத்தைப் பற்றியும் பத்தடி அறையைப் பற்றியும் பேசாமல் வாயைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள்.

அரசு என்ன செய்தது என்பதும் நினைவிருக்கட்டும். பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்று 1979இல் ஒரு விதி வந்தது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தையே நீக்கச் செய்தார். நாடு முழுவதும் பெரும் விவாதம். மலையகப் பெண்கள் குடிக்க உரிமை கேட்டுத் தெருவில் நின்றார்கள் என்று நான் சொல்லவரவில்லை. குடியின் முழுச் செலவையும் சுமக்கும் பெண்ணுக்கு ஒரு போத்தலை வாங்கும் வயது வந்ததா இல்லையா என்று கொழும்பில் ஆண்கள் கூடி முடிவு செய்தார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

கேட்பது பற்றி இன்னொரு செய்தி. அன்றிரவு எங்களுக்குக் கிண்ணம் நிரப்பிய தம்பிக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். ஹற்றன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. மைத்துனர் சொன்னது அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. முகத்தில் எதுவும் காட்டவில்லை. மற்றவர்கள் அறைக்குப் போனபின் அவனை உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “இந்த அஞ்சிலே உனக்கு எது பிடிக்கும் தம்பி?” என்று கேட்டேன்.

“நான் குடிக்கிறதில்லீங்க ஐயா. எங்கப்பா குடிச்சதே போதும்” என்றான். பிறகு கிண்ணங்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே, “ஆனா வாசனை தெரியும்ங்க. அந்த ரெண்டாவது கிளாஸ்ல கொத்தமல்லி போட்டிருக்காங்க, இல்லீங்களா?” என்றான்.

ஒரு துளி பருகாமல் அவன் கண்டுபிடித்ததைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நாலு பேரும் ஒரு மணி நேரமும் தேவைப்பட்டன.

ரொறன்ரோ நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஏப்ரலிலும் வாருங்கள், போத்தல்களையும் கொண்டுவாருங்கள். ஐந்து கிண்ணங்களுக்குப் பக்கத்தில் ஆறாவதாக, லயத்துக்குக் கொடுக்கப்படும் தூளில் ஊற்றிய வெறுந்தேத்தண்ணி ஒன்றையும் வைப்போம். அதற்கும் அதே தாளில், அதே 50க்குப் புள்ளி போடுங்கள். ஐந்தாவது நாற்காலியில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்மணியை உட்காரவைப்போம். அன்றைய பேருக்குரிய சம்பளத்தை அவருக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுவோம். ஏனெனில், அவர் அங்கே வருவதும் வேலைதான். ருசி அறியாத சனம் யார் என்பதை அதன்பிறகு உங்கள் மைத்துனரே எழுதித் தரட்டும். அதை இங்கே ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் பதிவிடுகிறேன்.