கீபோர்டிலிருந்து கையை எடுங்கள்

கோடிங் வகுப்புக்குப் பணம் கட்டிய கையோடு "என் பிள்ளை எப்போது ஆப் செய்வான்?" என்று கேட்கும் பெற்றோரே, உங்களிடம்தான் பேசுகிறேன். பிள்ளை ஆசையாக ஒன்றைக் காட்டுகிறான். படமில்லை, இசையில்லை. "1 முதல் 100 வரை ஓர் எண் நினைத்திருக்கிறேன், கண்டுபிடி" என்று திரையில் ஒரு வரி, அவ்வளவுதான். "இதற்கா இவ்வளவு ஃபீஸ்?" என்கிறீர்கள். அவன் முகம் வாடுவது உங்கள் கண்ணில் படவே இல்லையா?

கணினி என்றாலே பெரிய நிறுவனங்களின் சொத்தாக இருந்த 1973-இல் டேவிட் ஆல் தொகுத்த, பேசிக் என்ற கணினி மொழியில் எழுதிய விளையாட்டுகளின் புத்தகத்திலேயே இந்த எண் விளையாட்டு இருக்கிறது. இன்றும் தொடக்கப் பாடத்தில் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பைத்தான் மொழியில் இருபது வரிக்குள் முடிந்துவிடும். அந்த இருபது வரிக்குள் ஒரு பொறியும் இருக்கிறது.

பிள்ளை எழுதி முடித்து ஓட்டுகிறான். ரகசிய எண் 37. அவனும் 37 என்றே தட்டுகிறான். "தவறு" என்கிறது கணினி. மறுபடி தட்டினாலும் தவறுதான். கோபம் வருகிறது, கண்ணீர்கூட வரலாம். விஷயம் இதுதான்: இன்புட் என்ற கட்டளை, தட்டியதை எண்ணாக வாங்காது, எழுத்தாகவே வாங்கும். நம் கண்ணுக்கு இரண்டும் 37. கணினிக்கு எழுத்து 37 வேறு, எண் 37 வேறு. சமமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். பிழைச் செய்திகூட வராது. பெரியதா சிறியதா என்று கேட்டால்தான் 'டைப்எரர்' என்று நின்றுவிடும்.

சரியாக இந்த இடத்தில்தான் நீங்கள் கெடுக்கிறீர்கள். "தள்ளு, நான் பார்க்கிறேன்" என்று கீபோர்டைப் பிடுங்குகிறீர்கள். அல்லது முழு நிரலையும் ஏதோ ஒரு ஏஐ செயலியில் ஒட்டி, திருத்திய விடையை நீட்டுகிறீர்கள். நீங்கள் கட்டிய பணத்துக்கு உரிய பாடமே அந்த அரைமணி நேரத் தவிப்புதான். அதைப் பறித்துக்கொண்டு சான்றிதழை மட்டும் சட்டம் போட்டு மாட்டி என்ன பயன்?

ஏழே ஊகத்தில் எந்த எண்ணையும் பிடித்துவிடலாம் என்பதையும் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். முதலில் 50, பெரியதா சிறியதா என்று கணினி சொல்வதை வைத்து மிஞ்சியதில் பாதி, அதிலும் பாதி என்று தானாக ஒருநாள் கண்டுகொள்ளட்டும். பத்து லட்சம் எண்களுக்கும் இருபது ஊகம் போதும் என்று பிறகு அவனே கணக்குப் போட்டு உங்களிடம் ஓடிவருவான்.

உங்களுக்கும் வேலை இருக்கிறது. அவன் எழுதியதை விளையாடுங்கள். எண் கேட்கும் இடத்தில் "பத்து" என்று எழுத்தில் அடியுங்கள். நிரல் உடையும், அவனே சரிசெய்வான். நூறைத் தாண்டி 500 என்றும் அடியுங்கள். பைத்தான் 3-இல் கேள்விகளை மட்டுமல்ல, 'ரகசிய_எண்' என்று மாறியின் பெயரையே தமிழில் எழுதலாம்; பாட்டியையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பைத்தானுக்குக் காசில்லை, பழைய லேப்டாப்பே போதும். ஃபீஸ் கட்ட நேரம் இருந்த உங்களுக்குப் பத்து நிமிடம் விளையாட நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இன்று இரவே ஃபோனைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்காருங்கள்.