தாத்தா நூல் பிடித்த கிட்டார்

அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "இது என்ன மரம்?"

என் மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். பிறந்தநாள் பணம், பொங்கல் பணம், ஊருக்குப் போகும்போது பெரியவர்கள் கையில் திணித்த பணம் என்று இரண்டு வருடம் சேர்த்து, காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் 12,000 ரூபாய்க்கு எலெக்ட்ரிக் கிட்டார் 'கிட்' ஒன்றை ஆன்லைனில் வாங்கினாள். வந்தது கிட்டார் இல்லை, கிட்டாரின் பாகங்கள். உடல் பலகை ஒன்று, கழுத்து ஒன்று, ஒரு பொட்டலத்தில் ஸ்க்ரூ, இன்னொன்றில் ஒயரும் காந்தச் சுருளும், ஆறு தந்திகள். பெயிண்ட் கிடையாது, பாலீஷ் கிடையாது. தேய்த்து, பூசி, பூட்டி, சுருதி சேர்க்கும் வரை எல்லாம் நம் வேலை.

"பாஸ்வுட் தாத்தா."

அப்பா பலகையைக் கையில் வாங்கி எடை பார்த்தார். ஓரத்தில் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். நகம் பதிந்தது.

"முருங்கைக்கு அண்ணன் மாதிரி இருக்கு. ரேகையே இல்லையே கண்ணு. இதுக்கா அவ்வளவு பணம்?"

அப்பாவுக்கு 76 வயது. நாற்பது வருடம் ஃபர்னிச்சர் பட்டறையில் பாலீஷ் வேலை பார்த்தவர். ஊரில் எத்தனையோ வீட்டுப் பீரோக்களும் கட்டில்களும் அவர் கைபட்டுப் பளபளத்திருக்கின்றன. ஆனால் என்னை அந்தப் பட்டறைக்குள் விட்டதே இல்லை. பள்ளிக்கூட லீவில் சாப்பாடு கொண்டுபோனால், தூக்குவாளியை வாசலிலேயே வாங்கிக்கொண்டு "போய்ப் படி" என்பார். படித்தேன், வங்கி வேலைக்கும் போனேன். இன்றைக்கும் நான் சுத்தியலை எடுத்தால் ஆணியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அடி விழும்.

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவும் தன் மரப்பெட்டியைத் திறக்கவில்லை. கையில் லேசாக நடுக்கம் வேறு. ஆக, வேலை தெரிந்தவருக்குக் கை நடுங்கும். கை நடுங்காத எனக்கு வேலை தெரியாது. ஆசைப்பட்டவளுக்கோ பதினாறு வயது, பொறுமை கிடையாது. இந்த மூன்று பேர்தான் கிட்டார் செய்யக் கிளம்பினோம்.

நான்கே நான்கு ஸ்க்ரூ

ஒரு இசைக்கருவியை எப்படித் துண்டு துண்டாக விற்க முடிகிறது? அதற்குக் காரணம் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர். அதுவரை கிட்டாரின் கழுத்தை உடலோடு பசை போட்டு ஒட்டிவிடுவதுதான் வழக்கம். இவர் 1950-ல் கொண்டுவந்த கிட்டாரில், கழுத்தை நான்கு ஸ்க்ரூ போட்டு உடலில் முடுக்கினார். கெட்டுப்போனால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டே அதற்கு 'டெலிகாஸ்டர்' என்ற பெயர் வந்தது. இதில் வேடிக்கை, ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது!

எங்கள் வீட்டுக்கு வந்ததும் அதே டெலிகாஸ்டர் சாயல் கிட்தான்.

மகள் நேராக பெயிண்டில் ஆரம்பிக்கப் பார்த்தாள். அப்பா விடவில்லை. "முதல்ல எல்லாத்தையும் சும்மா பூட்டிப் பாரு. நூல் பிடிச்சுப் பாரு. அப்புறம்தான் பாலீஷ்." கழுத்தை உடலில் பொருத்தி, முதல் தந்தியும் ஆறாவது தந்தியும் போகும் வழியில் இரண்டு வெள்ளை நூலை இழுத்துக் கட்டச் சொன்னார். ஒரு பக்கம் நூல் கழுத்தின் விளிம்பை ஒட்டிப் போனது, மறுபக்கம் அதிக இடம் விட்டிருந்தது. கழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்க்ரூவைத் தளர்த்தி, நேராக்கி, மறுபடி முடுக்கினோம். பூசிய பிறகு இது தெரிந்திருந்தால் மெருகு போயிருக்கும்.

அடுத்ததுதான் முக்கியமான கட்டம். தந்திகளைத் தாங்கும் 'பிரிட்ஜ்' என்ற உலோகத் தட்டுக்கு எங்கள் கிட்டில் துளை போட்டிருக்கவில்லை. அது தப்பான இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அந்தக் கிட்டாரில் ஆயுசுக்கும் சுருதி சேராது.

கிட்டாரின் 12-வது கட்டை தந்தியைச் சரிபாதியாகப் பிரிக்கிறது. தந்தி பாதியானால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். கீழ் ஸா, மேல் ஸா ஆகும். எனவே தலைப்பக்கத்து 'நட்'டிலிருந்து 12-வது கட்டைக்கு எவ்வளவு தூரமோ, அதே தூரம் அங்கிருந்து பிரிட்ஜுக்கும் இருக்க வேண்டும். டெலிகாஸ்டரில் தந்தியின் மொத்த நீளம் 648 மில்லிமீட்டர். மகள் ஃபோனில் கணக்குப் போடுவதற்குள் அப்பா சொல்லிவிட்டார், "இருபத்தஞ்சு அங்குலம் நாலு நூல். பாதி, பன்னெண்டு அங்குலம் ஆறு நூல்."

தச்சர் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு 'நூல்' என்று பெயர். என் மகள் அதை அன்றுதான் கேள்விப்பட்டாள். உண்மையைச் சொன்னால், நானும்தான்.

உப்புத்தாளும் ஒரு லண்டன் கதையும்

கிட் பலகையைப் பார்த்தால் பச்சை மரம் போலத்தான் இருக்கும். ஆனால் பலவற்றில் மெல்லிய சீலர் பூச்சு இருக்கும், இல்லையென்றால் எங்காவது பசை படிந்திருக்கும். அந்த இடத்தில் நிறம் ஏறாமல் திட்டுத் திட்டாகிவிடும். அப்பா ஈரத்துணியால் பலகை முழுவதையும் ஒருமுறை துடைத்தார். தண்ணீர் உறிஞ்சிய இடம் கறுத்தது. உறிஞ்சாத இடத்தில் முத்து முத்தாக நின்றது. "முத்து நிக்கிற இடமெல்லாம் தேய்க்கணும்."

120-ம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 180, 240, கடைசியில் 320. மூக்கில் மாஸ்க்கோடு, மூன்று ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் தேய்த்தோம். நடுவில் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் மரத்தின் நார் எழுந்து நிற்கும். அதையும் தேய்க்க வேண்டும். ரேகை போகும் திசையில் மட்டும்தான் தேய்க்க வேண்டும், குறுக்கே கூடவே கூடாது. "ரேகையே இல்லைன்னீங்களே தாத்தா?" என்றாள் மகள். "கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும்."

தேய்க்கும்போதுதான் மகள் பிரையன் மே கதையைச் சொன்னாள். குயீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர். பதினாறு வயதில் நல்ல கிட்டார் வாங்க வசதியில்லை. 1963-ல் அவரும் அப்பா ஹரால்டும் லண்டனில் தங்கள் வீட்டிலேயே ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார்கள். கழுத்துக்கு, பழைய கணப்பு அடுப்பின் மேலிருந்த மஹோகனிச் சட்டம். கட்டைகளைக் குறிக்கும் புள்ளிகளுக்கு, அம்மாவின் தையல் டப்பாவிலிருந்த முத்துச்சிப்பி பட்டன்கள். தந்தியை ஆட்டும் அமைப்புக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் ஸ்பிரிங். செய்து முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. பிறகு உலகம் சுற்றியதும் அந்தக் கிட்டார்தான். 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனையின் மொட்டைமாடியில் நின்று அவர் வாசித்ததும் அதே கிட்டாரில்தான். நடுவில் விட்ட வானியல் ஆராய்ச்சியை முடித்து 2007-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார்.

"அந்தச் சட்டத்துல பூச்சி அரிச்ச ஓட்டை இருந்துச்சாம் தாத்தா. தீக்குச்சியை வச்சு அடைச்சாங்களாம்."

அதுவரை அரண்மனை, டாக்டர் பட்டம் எதற்கும் அசையாத அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "தீக்குச்சியா? நானும் அதைத்தான் பண்ணுவேன். அந்த ஆளு விவரமான ஆளு."

உப்பு ஜாடி சொன்னால்தான் பாலீஷ்

ஸ்பிரே பெயிண்ட் அடிக்கலாம். ஃபெண்டரின் பழைய வண்ணக் கிட்டார்கள் பலவற்றுக்கும் அந்தக் காலத்துக் கார் பெயிண்ட்தான். ஆனால் அப்பா தன் பெட்டியைத் திறந்துவிட்டார். ஸ்பிரிட்டில் செம்பழுப்புப் பொடியைக் கரைத்து முதலில் நிறம் ஏற்றினோம். அதற்குமேல் அரக்குப் பாலீஷ். அரக்கு என்பது மரக்கிளைகளில் ஒருவகைப் பூச்சி சுரப்பது. அதன் செதில்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டி, துணியில் பஞ்சைப் பொதிந்து, அதில் தொட்டு மெல்லிசாகத் தடவ வேண்டும். தாத்தா காலத்து கிராமபோன் இசைத்தட்டுகளும் அரக்கில் செய்தவைதான். பாட்டுக்கும் அரக்குக்கும் பழைய சொந்தம்!

ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி எதுவும் கூடாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

அப்பா வைத்த விதி ஒன்றுதான். "சமையல்கட்டுல உப்பு ஜாடியைப் பாரு. உப்பு பொலபொலன்னு இருந்தா பாலீஷ் போடு. கசிஞ்சிருந்தா துணியை மூடி வை." காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் உப்பு அதை இழுத்துக் கசியும். அதே ஈரம் அரக்குக்குள் மாட்டினால் பூச்சு வெளுத்துவிடும்.

எங்கள் ஊர் சென்னை. மாதம் நவம்பர். உப்பு எப்போது பொலபொலவென்று இருப்பது? பள்ளி ஆண்டுவிழாவில் வாசிப்பதாகத் தோழிகளிடம் சொல்லியிருந்த மகள், ஒரு மழை நாளில் யாருக்கும் தெரியாமல் இரண்டு பூச்சு போட்டுவிட்டாள். சாயங்காலம் பார்த்தால் பால் ஆடை படிந்ததுபோல வெள்ளைப் படலம். நான் கத்தத் தயாரானேன். எனக்குத்தான் வேலை தெரியாது, கத்தவாவது தெரியுமே! அவள் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அப்பா பலகையை டியூப் லைட்டில் சாய்த்துப் பார்த்தார். "இதுக்கா அழற? நான் கத்துக்கும்போது ஒரு டீக்கடைக்காரர் பீரோவையே வெளுக்க வச்சேன். நல்ல வெயில் வரட்டும், ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சா சரியாயிடும்." அந்த பீரோ கதையை நான் அன்றுவரை கேட்டதில்லை.

ஆண்டுவிழா கிட்டார் இல்லாமலே நடந்து முடிந்தது. மகள் தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தாள். வெயில் திரும்பிய பிறகு, படலத்தைத் துடைத்து, நாளுக்கு இரண்டு பூச்சு என்று பன்னிரண்டு பூச்சு. அரக்கு சில நிமிடங்களில் காயும், ஆனால் இறுகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதையும் பொறுத்தாள்.

இரைச்சலும் சுருதியும்

ஒயர் வேலை அவளுடையது. எலெக்ட்ரிக் கிட்டாரில் காந்தத்தைச் சுற்றி, தலைமுடி போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது சுருளில் சின்ன மின்சாரம் உண்டாகிறது. ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த அதே தத்துவம். பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருப்பதுதான்.

ஆம்ப்ளிஃபயரில் செருகினால் 'ங்ங்ங்' என்று ஒரே இரைச்சல். ஜாக்கைத் தொட்டால் குறைகிறது, தந்தியைத் தொட்டால் குறையவில்லை. பிரிட்ஜுக்கு அடியில் படிய வேண்டிய எர்த் ஒயரை ஓரமாக விட்டுவிட்டோம் என்பதை ஒருநாள் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்தது நான். இந்தக் கிட்டாரில் என் பங்கு அதுதான், பதிவு செய்துகொள்கிறேன்.

ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தைச் சுமார் 40 கிலோ விசையில் இழுக்கின்றன. அதில் கழுத்து வளைந்துவிடாமல் இருக்கத்தான் உள்ளே இரும்புக் கம்பி. அதைத் திருகினால் வளைவு மாறும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது. பிறகு ஒவ்வொரு தந்தியிலும், 12-வது கட்டைக்கு மேலே விரலால் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒன்றாக வரும்வரை பிரிட்ஜ் முனைகளை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். எங்களுடையது ஆறு தந்தியிலும் சேர்ந்தது. பன்னெண்டு அங்குலம் ஆறு நூல் பொய் சொல்லவில்லை.

பொங்கலன்று சாயங்காலம் அவள் வாசித்தாள். இன்னும் கற்றுக்கொள்கிற கைதான். அப்பா கேட்டுவிட்டுத் தலையாட்டினார். வாசித்து முடித்ததும் கிட்டாரை வாங்கி, வழக்கம்போல விளக்குக்கு நேரே சாய்த்தார். கழுத்து சேரும் இடத்துக்குக் கீழே விரல் நின்றது.

"இங்க யாரு தேய்ச்சது?"

"நான்தாம்பா."

"குறுக்கால போயிருக்க. நிறம் ஏறினதும் கோடு தெரியுது பாரு."

குனிந்து பார்த்தேன். மெல்லிய இரண்டு கோடுகள். அவர் சொல்லியிருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அப்பா கிட்டாரைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு, தன் மரப்பெட்டியில் பஞ்சையும் துணியையும் எடுத்து வைத்தார். மூடியைச் சாத்தவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை பூஜை அலமாரிக் கதவைக் கழட்டி வை. ரேகையோட எப்படிப் போறதுன்னு சொல்லித் தரேன்."