"ஒண்ணும் ஆகாது" என்றால் அளந்து காட்டு!



தோட்டத்துக்குள் டவர் நட வருகிறவர்களிடம் நம் தாய்மார்கள் கேட்பது ஒரே கேள்விதான். "ஏனுங்க, இந்த லைனுக்கு அடியில குடியிருந்தா எங்க புள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆகுமா?" பதில் பட்டென்று வருகிறது: "ஒண்ணும் ஆகாதும்மா." அளந்து பார்த்தார்களா? இல்லை. எழுதிக் கொடுப்பார்களா? மாட்டார்கள். கூடவே போலீசை மட்டும் கூட்டி வருவார்கள்!

உயர்மின் கம்பிக்கு அடியில் நின்று, கையில் பிடித்த டியூப் லைட்டை எரிய வைத்துக் காட்டினார்கள் நம் விவசாயிகள். அதை எரிய வைப்பது மின்புலம். சுவரும் மரமும் அதைப் பெருமளவு தடுத்துவிடும். கம்பியில் ஓடும் கரண்ட்டால் உண்டாகிற காந்தப்புலம் வேறு. வினாடிக்கு 50 முறை அலைபாயும் அந்தப் புலத்தை ஓடும் தடுக்காது, சுவரும் தடுக்காது. தள்ளிப் போகப் போகத்தான் குறையும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, பெரிய லைனுக்கு நேர் கீழே அது 20 மைக்ரோடெஸ்லா வரை இருக்கலாம். 50 முதல் 100 மீட்டர் தள்ளினால்தான் சாதாரண அளவுக்கு வரும். அந்த 50 மீட்டருக்குள்தானே ஐயா எங்கள் சாளை இருக்கிறது?

இந்தச் சந்தேகத்தைக் கிளப்பியது நாம் அல்ல. 1979-ல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில், மின்கம்பிக்குப் பக்கத்தில் வாழ்ந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் கூடுதலாக இருந்ததை இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2000-ல் பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரி 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் உள்ள வீடுகளில் அந்த நோய் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரிந்தது. 2002-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் காந்தப்புலத்தை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது.

மூளைக்கும் படிப்புக்கும் என்ன ஆகும்? 1990-களில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி லாய் குழுவினர் எலிகளைக் காந்தப்புலத்தில் வைத்து, பிறகு வழி கண்டுபிடிக்க விட்டார்கள். எலிகளின் ஞாபகம் தடுமாறியது.

இங்கே நாம் உண்மையை மறைக்க வேண்டியதில்லை. எலிகளுக்குக் கொடுத்தது 750, 1000 மைக்ரோடெஸ்லா. நம் தோட்டத்தில் அவ்வளவு கிடையாது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ரத்தப் புற்றுநோய்க்கு இதுதான் காரணம் என்றும் நிரூபணம் ஆகவில்லை. "லைனுக்குக் கீழே படிச்சா மூளை கெட்டுடும்" என்று நம்மாட்களே சிலர் பேசுகிறார்கள். அப்படிப் பேச வேண்டாம். கோர்ட்டில் நிற்காத பேச்சு நம் வழக்கைத்தான் கெடுக்கும்.

ஆனால் நிரூபணம் ஆகவில்லை என்பது வேறு, ஆபத்து இல்லை என்பது வேறு! "200 மைக்ரோடெஸ்லா வரை சர்வதேச அளவில் அனுமதி" என்று நம்மிடம் கணக்குக் காட்டுகிறார்கள். அந்த வரம்பு, நரம்பு உடனடியாகத் துடிக்காமல் இருக்கப் போட்டது. தொட்டிலில் கிடந்து, வளர்ந்து, பத்தாவது படிக்கும் வரை அங்கேயே வாழ்கிற பிள்ளைக்குப் போட்டதல்ல. சந்தேகம் எழுந்த 0.4-க்கும் இந்த 200-க்கும் இடையே 500 மடங்கு!

நெதர்லாந்து அரசு 2005-லேயே, குழந்தைகள் நெடுநேரம் இருக்கிற இடத்தில் ஆண்டுச் சராசரி 0.4-ஐத் தாண்டும் புதிய நிலைமையை உண்டாக்காதீர்கள் என்று அறிவுரை சொல்லிவிட்டது. புதிய லைன் போடும்போதே செலவு குறைந்த முன்னெச்சரிக்கை எடுங்கள் என்றது உலக சுகாதார நிறுவனம், 2007-ல். இங்கேயும் செல்போன் டவருக்கு 2012-ல் மத்திய அரசு வரம்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. பட்டணத்துக்காரன் பயந்தால் வரம்பு குறையும், பட்டிக்காட்டான் பயந்தால் போலீஸ் வருமா?

நம்மிடம் சம்மதம் கேட்காமல் டவர் நட எந்தச் சட்டம்? தந்திக் கம்பிக்காக வெள்ளைக்காரன் 1885-ல் போட்ட சட்டம். 2003 மின்சாரச் சட்டத்தின் 164-வது பிரிவு அந்த அதிகாரத்தை மின்பாதைக்கு எடுத்துக் கொடுத்தது. 2023-ல் தந்திச் சட்டத்தையே மாற்றி எழுதியவர்கள், மின்பாதைக்கு மட்டும் பழைய அதிகாரத்தை விட்டு வைத்தார்கள். மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல் டவர் அடி நிலத்துக்கு இரு மடங்கு மதிப்பு, கிராமத்தில் கம்பிக்குக் கீழே 30 சதவீதம் என்கிறது. பட்டா நம் பேரில், வரியும் நாம்தான் கட்டுகிறோம். தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. பிள்ளையின் உடம்புக்கு அந்தக் கணக்கில் ஒரு வரி உண்டா?

"பூமிக்கடியில் கொண்டு போக முடியாது" என்பார்கள். புகளூர்–திருச்சூர் லைனைப் பாருங்கள். தமிழ்நாட்டில் தலைக்கு மேலே போகிற அதே லைன், கேரளாவில் வடக்கஞ்சேரி முதல் திருச்சூர் வரை சுமார் 27 கிலோமீட்டர் கேபிளாக மண்ணுக்குள் போகிறது. அது டி.சி. மின்சாரம், 50 சுற்றுக் காந்தப்புலப் பேச்சு அதற்குப் பொருந்தாது. ஆனால் மனமிருந்தால் வழி உண்டு என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

நாம் கேட்பது இதுதான்:

1. வீடு, பள்ளிக்கூடம், அங்கன்வாடி இருக்கும் இடத்தில் லைன் போடும் முன் கணக்கிட்டும், கரண்ட் விட்ட பின் அளந்தும், காந்தப்புல அளவை ஊராட்சிப் பலகையில் எழுது!

2. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் 0.4-ஐத் தாண்டினால் பாதையை மாற்று, அல்லது சாலை ஓரமாகக் கேபிளாகக் கொண்டு போ!

3. ஏற்கனவே லைனுக்குக் கீழே சிக்கிய குடும்பங்களுக்கு மாற்று வீடு கொடு!

விவசாயிகளே! தனித்தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். அளவு கேட்டு ஒவ்வொரு கிராம சபையிலும் தீர்மானம் போடுங்கள், மனு நகலைப் பத்திரமாக வையுங்கள். மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் பம்புசெட்டும் அதில்தான் ஓடுகிறது. நம் பிள்ளைகளின் தலைமேல் சோதனை நடத்தாதே என்கிறோம்!

அளக்காமல் நடாதே! கேட்காமல் நுழையாதே!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!