நகைப்பிக்க வந்தார் நகைப்பிற்கிடமாவது ஏன்?

மக்களை அழவைப்பதற்குப் பெருந்திறன் ஒன்றும் வேண்டுவதில்லை. ஏறும் விலைவாசி ஒன்றே போதும். சிரிக்க வைப்பதற்கோ அறிவு வேண்டும். அவ்வறிவினும் மேலாக, எதிரே அமர்ந்திருக்கும் மக்களை அறிந்திருத்தல் வேண்டும். இவ்விரண்டாம் தகுதி சிறிதும் இன்றி, ஒலிவாங்கி ஒன்றைக் கையிற் பற்றிக்கொண்டு மேடையேறுவார் தொகை இந்நாளில் பெருகி வருகின்றது.

ஏறத்தாழ 15 ஆண்டுகளாகச் சென்னையிலும் பிற நகர்களிலும் ‘ஸ்டாண்ட்-அப் காமெடி’ என்னும் அயற்பெயர் சூடி இத்தொழில் பரவியுள்ளது. துணை நடிகர் இன்றி, ஒப்பனை இன்றி, ஒருவரே நின்று, பேச்சொன்றையே கருவியாகக் கொண்டு அவையைச் சிரிக்கவைக்கும் இக்கலை எளிதும் அன்று, இகழத்தக்கதும் அன்று. மக்கள் தமிழிலேயே பேசி அரங்கை அதிரவைக்கும் இளைஞரும் இதில் உளர். ஆனால் அவர்க்கிடையே, கால்மணி நேரம் பேசியும் ஒரு சிரிப்பொலி பெறாது வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்குவாரும் உளர். அவ்வாறு இறங்குவார் காட்டும் கரணியம் பெரும்பாலும் ஒன்றே: ‘இவ்வவைக்கு நகைச்சுவை உணர்வு இல்லை!’

நெய்த துணி இழைவிட்டால் நெசவாளி உடுத்தியவன் உடம்பைக் குறை கூறுவதில்லை. சோறு குழைந்தால் சமைத்தவள் உண்டவன் நாவைக் குறை கூறுவதில்லை. மேடைநகையர் மட்டும் தம் சரக்கு விலைபோகாவிடத்துக் கொள்வாரைப் பழிக்கின்றனர். இத்தகைய செருக்கு வேறெத்தொழிலில் உண்டு?

தமிழர்க்கா நகையுணர்வு இல்லை? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணுங்கால் நகையை அன்றோ முதற்கண் வைத்தார்! அந்நகை பிறக்கும் நிலைக்களன்களையும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காகப் பகுத்துக் காட்டினார். நையாண்டி, பகடி, கிண்டல், நக்கல், குத்தல், குறும்பு என ஒன்றற்கொன்று நுண்ணிய வேறுபாடுடைய சொற்களை நாள்தோறும் வழங்கும் ஓர் இனத்தை நகையறியா இனம் என்பது, கடற்கரையில் நின்றுகொண்டு உப்பில்லை என்பதை ஒக்கும்.

அங்ஙனமாயின் சிரிப்பு ஏன் வரவில்லை?

நகை சொல்பவன் வாயில் பிறப்பதன்று. கேட்பவன் நெஞ்சில் பிறப்பது. சொல்பவன் பாதியைச் சொல்கின்றான். மறுபாதியைக் கேட்பவன் தன் பட்டறிவினின்றும் எடுத்து நிரப்புகின்றான். அந்நிரப்புதல் ஒரு நொடியில் நிகழ்தல் வேண்டும். நிகழ்ந்தால் சிரிப்பு, நிகழாவிடின் வெறும் பேச்சு. விளக்கிச் சொன்ன பின்னர் விளங்கும் நகைச்சுவை, ஆறிய பின்னர் இலையில் விழும் சோறு. எனவே சொல்வானுக்கும் கேட்பானுக்கும் இடையே பொதுவான சொல்லும், பொதுவான வாழ்வும், ஒத்த மதிப்பும் இருத்தல் வேண்டும். தோற்கும் நகையர் இம்மூன்றனுள் ஒன்றையோ மூன்றையுமோ இழந்து நிற்பவரே.

முதற்கண் சொல்லைக் கருதுக. சிற்றூர்க்காரன் ஒருவன் மேடையில் இவ்வாறு சொல்வதாகக் கொள்வோம்: ‘தேர்தலுக்கு முன்னே தலைவர் எங்கள் குடிசைக்கு வந்தார். எங்களோடு தரையில் அமர்ந்து உண்டார். உண்டு முடித்துக் கைகழுவினார். கழுவியது யாரை என்பது தேர்தலுக்குப் பின்தான் தெரிந்தது.’ கேட்பவன் சிரிக்கின்றான். ‘எங்களை’ என்னும் சொல்லைப் பேசியவன் சொல்லவே இல்லை. கேட்பவனே நெஞ்சுக்குள் சொல்லிக்கொள்கின்றான்.

இதனையே இன்றைய மேடைநகையர் சொன்னால் எவ்வாறிருக்கும்? ‘எலக்ஷனுக்கு முன்னாடி லீடர் வந்தார், லஞ்ச் முடிச்சார், ஹேண்ட்வாஷ் பண்ணினார்.’ தீர்ந்தது! கைகழுவுதல் என்னும் தமிழ்ச்சொல்லில் நீரும் இருக்கின்றது; கைவிடுதலும் இருக்கின்றது. ‘ஹேண்ட்வாஷ்’ என்பதிலோ வழலைக்கட்டியின் நுரை மட்டுமே இருக்கின்றது. மக்கள் வாயில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய சொல்லுக்கு வேர் உண்டு, கிளை உண்டு, ஒரு கிளையைத் தொட்டால் மற்றொன்று ஆடும். அவ்வாட்டமே நகை. ஒட்டுச்சொல், பூச்சாடியில் செருகிய பறித்த பூவைப் போன்றது. ஆடாது, வாடும். ஒரு சொல்லால் இருபொருள் உணர்த்தும் இரட்டுறமொழிதலைக் காளமேகம் போன்ற புலவர் பெருங்கலையாகவே வளர்த்த மொழியில், ஒற்றைப்பொருட் சொற்களைக் கடன் வாங்கி வந்து சிரிப்பை எதிர்பார்ப்பது என்ன மதி?

மற்றுமொன்று. தமிழ்த்தொடரில் வினை இறுதிக்கண் நிற்பது இயல்பு. ஆம், இல்லை என்னும் தீர்ப்பே தொடரின் கடைசியில்தான் வெளிப்படும். கேட்பவனை இறுதிவரை ஒருவழியே நடத்திச் சென்று, முடிவிற் சட்டெனத் திருப்பிவிடுதற்கு இதனினும் ஏற்ற அமைப்பு வேண்டுமா? ஆங்கிலத் தொடரமைப்பில் எண்ணித் தமிழைத் துணுக்குத் துணுக்காய்ச் செருகுவார், திருப்பத்தை நடுவழியிலேயே சிந்திவிட்டு, முடிவில் வெறுங்கையோடு நிற்கின்றனர்.

‘மக்களே கலந்துதானே பேசுகின்றனர்?’ என்பர் சிலர். மக்கள் வாயிற் புகுந்துவிட்ட பிறசொற்கள் சில உள, அவையும் களையத்தக்கனவே. ஆனால் மேடைநகையர் பேசுவது அம்மக்கள் வழக்கும் அன்று. சந்தையிற் காய் விற்பவளும் பட்டறையில் இரும்படிப்பவனும் அவ்வாறு பேசுவதில்லை. தாம் அவர்களினும் உயர்ந்தவர் என்று காட்டுதற்கு அணிந்த அணிகலன் அது. அணிகலனைக் காட்ட வந்தவர்க்கு அவை வியப்பைத் தரலாம், சிரிப்பைத் தராது.

இரண்டாவது வாழ்வு. அமெரிக்க நகைவாணர் பனிப்பொழிவைப் பற்றியும், நன்றி கூறும் திருநாளின் வான்கோழியைப் பற்றியும், மனநல மருத்துவரிடம் தாம் செல்லும் முறையைப் பற்றியும் பேசுகின்றனர். அஃது அவர் வாழ்வு. அவர் மக்கள் சிரிக்கின்றனர். அவற்றைத் திரையிற் கண்டு நெட்டுருச் செய்து, பெயரை மட்டும் மாற்றி மயிலாப்பூரிலும் மதுரையிலும் ஒப்பிப்பாரை என்னென்பது? தொல்காப்பியர் கூறிய நான்கனுள் இறுதியான மடன் என்பதற்கு, பிறர் கொளுத்தக் கொண்டு, கொண்டதை விடாமை என்று பொருள் காண்பர் உரையாசிரியர். மேனாட்டார் கொளுத்தியதைக் கொண்டு விடாது நிற்கும் இவர், நகையை உண்டாக்குவார் அல்லர், நகைக்குப் பொருளாவார்!

இதனால் விளையும் கேடு ஓர் அரங்கு வெறுமையாவதோடு ஒழியவில்லை. முன்வரிசையில் நால்வர் சிரிக்கின்றனர். பின்வரிசையில் அமர்ந்த எளிய இளைஞன், தனக்கு விளங்கவில்லை என்பதைப் பக்கத்திலிருப்பவன் அறிந்துவிடுவானோ என்று நாணி, தானும் பல்லைக் காட்டுகின்றான். உள்ளத்தில் நகை இல்லை, உதட்டில் உண்டு. காசு கொடுத்துச் சிரிக்க வந்தவன், தன் அறியாமையை மறைப்பதற்காகச் சிரிக்க வேண்டிய நிலை! அழுகையை மறைத்துச் சிரிப்பவரை உலகம் கண்டதுண்டு. அடிமைத்தனத்தை மறைக்கச் சிரிப்பவரை இம்மேடை படைத்துள்ளது.

இது தமிழர்க்கு மட்டும் நேர்ந்த நிலையன்று. ஆங்கிலமே பேசும் நாட்டிலும் இவ்வுண்மை மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. இசுக்காட்லாந்தின் கிளாசுகோ நகரில் ‘எம்பயர்’ என்றோர் அரங்கு 1963 வரை இருந்தது. பெயருக்குப் பொருள் பேரரசு. ஆனால் அதற்கு வழங்கிய பட்டப்பெயரோ ‘ஆங்கில நகைவாணர் இடுகாடு’. இலண்டனில் கைதட்டல் பெற்றவர்கள் அங்கே வந்து வாய் உலர்ந்து நின்றனர். ஒருவர் மேடையிலேயே மயங்கி விழுந்த கதை இன்றும் சொல்லப்படுகின்றது. கிளாசுகோ மக்களுக்கா நகையுணர்வு இல்லை? அந்நகரிலேயே 1942-இல் பிறந்து, கிளைடு ஆற்றங்கரைக் கப்பற்பட்டறையில் பற்றவைப்பாளராக உழைத்தவர் பில்லி கொனொலி. பட்டறைத் தோழர் பேசிய பேச்சை அதே ஒலிப்போடு மேடையேற்றினார். தம் ஊராரைச் சிரிக்கவைத்தார். 1975-இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் தோன்றிய பின்னர், அந்நாடு முழுவதுமே அவர் பேச்சுக்குச் சிரித்தது. அவர் இலண்டன் ஒலிப்பைக் கடன் வாங்கவில்லை. இலண்டன்தான் அவரைக் கேட்கக் காதைத் திருப்பிக்கொண்டது.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. எடி இசார்டு என்னும் ஆங்கில நகைவாணர் பிரெஞ்சு, செருமானியம், இசுப்பானியம் ஆகிய மொழிகளைப் பயின்று அம்மொழிகளிலேயே மேடையேறியவர். அயலவர் ஒருவர் கேட்பார் மொழியைத் தேடிக் கற்றுச் சென்று சிரிக்கவைக்கின்றார். தமிழ்த்தாய் வயிற்றில் பிறந்தவரோ, தாம் கொண்ட மொழியை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு அரங்கினுள் நுழைகின்றார்!

மூன்றாவது மதிப்பு. எள்ளல் என்பது பிறரைத் தான் எள்ளி நகுதலும், பிறர் தன்னை எள்ளத் தான் நகுதலும் என இருவகைப்படும் என்பர் உரையாசிரியர். இன்றைய மேடையில் முதற்பாதி மட்டுமே எஞ்சியுள்ளது. கறுத்த மேனி, பருத்த உடல், திக்கும் நா, மனைவி, மாமியார், பெண்ணுடை பூண்ட ஆண் என்பவையே தொலைக்காட்சி நகையரங்குகளிற் பன்னெடு நாளாக அரைக்கப்பட்ட மாவு. தமிழரைப் பார்த்துத் தமிழர் நிறத்தையே நகையாக்குவது எத்துணை இழிவு! அங்கே சிரிப்பு வாராமை வெளியே தெரிவதுமில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியினர் 1950-களில் கையாளத் தொடங்கிய பதிவுச் சிரிப்பொலி அக்குறையை மூடிவிடுகின்றது. உயிருள்ள அவைமுன் அம்மூடி இல்லை.

வலியாரை எள்ளுவதற்குத் துணிவு வேண்டும். எளியாரை எள்ளுவதற்கு ஒலிவாங்கி போதும். 2024 அக்டோபர் 27-இல் நியூயார்க்கு நகரில் நடந்த தேர்தற் கூட்டமொன்றில் நகைவாணர் ஒருவர், புவேர்ட்டோ ரிக்கோ என்னும் தீவையே மிதக்கும் குப்பைமேடு என்றார். நகைச்சுவை எனப்பட்ட அது நாடெங்கும் சினத்தையே மூட்டியது. அவரை மேடையேற்றிய அணியினரே, அது தம் கருத்தன்று என்று அறிவித்துக் கைகழுவினர். இந்தக் கழுவலுக்கு உரை வேண்டுவதில்லை.

ஒருவர் நின்று நகைப்பிக்கும் கலையை மேனாட்டினின்றும் இறக்குமதி செய்யும் நிலையிலா தமிழகம் இருந்தது? தெருக்கூத்தில் கட்டியங்காரன் இல்லையா? அரசன் முன்னே நின்று அவ்வரசனையே பகடி செய்வான். கூத்துக்கு நடுவே அவ்வூர்ச் செய்தியை இழுத்து வருவான். பின்வரிசைக் கிழவியோடும் பேசுவான். தோற்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இல்லையா? ஊர்ப்பேச்சும், ஊராரின் குறைநிறைகளும், மேலிருப்பாரைக் கீழிருந்து கிள்ளும் குறும்புமே அவர்தம் கருவிகள்.

அவ்வழியில் வந்தவரே 1908-இல் நாகர்கோவிலையடுத்த ஒழுகினசேரியிற் பிறந்து 1957-இல் மறைந்த கலைவாணர் என்.எசு. கிருட்டிணன். வில்லுப்பாட்டு மண்ணில் வளர்ந்த அவர், 1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ திரைப்படத்தில் கிந்தனார் கதையைப் பாடினார். மக்கள் கேட்டுப் பழகிய நந்தனார் கதைப்பொழிவின் அதே வடிவம். ஆனால் உள்ளீடு வேறு. ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் கோயிலுக்கன்று, கல்விக்கு ஏங்குகின்றான், படித்து உயர்கின்றான். பழங்கதை கேட்போர் நெஞ்சில் முன்னரே இருந்தமையால், புதுக்கதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் மறுபாதியை அவர்களே நிரப்பிச் சிரித்தனர். சிரித்து முடித்த பின்னர் எண்ணினர். எவரையும் இழிவுசெய்யாது எளியவனை உயர்த்திய நகை அது.

ஈண்டுத் தமிழ்ப்பற்றாளரும் ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். திரைப்படங்களில் தூயதமிழ் பேசுவானைக் கோமாளியாக்கிச் சிரிப்பது கண்டு சினம் கொள்வது முறையே. ஆயினும், நூலகத் தூசியைத் தட்டாமல் அப்படியே மேடைக்குக் கொணர்ந்து, மூச்சுக்கு ஒரு நூற்பா முழங்கி, அவை கொட்டாவி விடுங்கால் ‘தமிழ் கெட்டது’ என்று புலம்புவாரும், முன்னர்க் கூறிய நகையரைப் போன்றே கேட்பாரைப் பழிக்கின்றவரே. தூயதமிழ் என்பது உலர்ந்த தமிழன்று. உழத்தி நாற்று நடுங்கால் பேசும் குத்தலிலும், மீனவன் வலை இழுக்குங்கால் பேசும் நையாண்டியிலும் கலப்பில்லாத தமிழ் இன்றும் நுரைத்துக்கொண்டிருக்கின்றது. அதனை மேடையேற்றுதற்கு அகரமுதலி வேண்டா, காது வேண்டும்.

வள்ளுவர் அவையறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். அவையை அறிய வேண்டிய கடமையைச் சொல்வான்மேல் வைத்தாரேயன்றிக் கேட்பான்மேல் வைத்தாரல்லர். மேடைநகையர் அரங்கிற்குள் நுழையுமுன், தம் பேச்சைத் தம் தாயிடமோ, தெருமுனைத் தேநீர்க்கடைக்காரரிடமோ ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். அவர் சிரித்தால் மேடையேறுக. அவர் ‘என்ன சொன்னாய்?’ என்று கேட்டால், திருத்த வேண்டியது அவரையன்று, பேச்சை.

சிரிப்பு கடன்வாங்கத்தக்க பொருளன்று. தன் மொழியிற் சிரிக்கத் தெரிந்த இனத்தை எவரும் எளிதில் அடிமைகொள்ள இயலாது; அரசு கண்டும் அது சிரிக்கும், அச்சம் கண்டும் அது சிரிக்கும். அடுத்தவன் மொழியிற் சிரிக்கக் கற்ற இனமோ, அவன் எப்பொழுது சிரிப்பான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். தமிழர் எந்த இனமாக இருக்கப் போகின்றனர்?